முப்பத்துநாலு என்று எழுதிய சீட்டு

1964-ஆம் வருடம் புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் மாதுங்காவில் தொடங்கி, ஐப்பசியில் தாராவியில் முடிந்த விஷயம் இது. நகரத்தில் டிராம் நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்தத் தேதியில் மழை பிடித்தது, எந்த வாரம் ரேஷனில் அரிசி கிடைக்கவில்லை, எந்தப் புத்தகத்தை எந்த நாள் படித்து முடித்தேன் என்றெல்லாம் டைரியில் குறித்து வைப்பது என் பழக்கம். அப்படிப்பட்ட நான் ஒரு தேதியை மட்டும் பதினாறு வருடமாக எங்கும் எழுதாமல் இருந்தேன். அது என் பிறந்த தேதி.

நான் பிறந்தது 1923 ஆவணியில், ருத்ரோத்காரி வருடம். என் அண்ணா ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த ஜாதகத்தில் பிரமோதூத வருடம் என்று இருக்கும். அதாவது 1930. ஏழு வருடமும் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. எனக்கு இருபத்தைந்து வயதானபோது முதலில் இரண்டு குறைத்தார்கள். இருபத்தொன்பதில் மூன்று. முப்பத்திரண்டில் பம்பாய்க்கு வேலைக்கு வந்தபோது, புது ஊர்தானே என்று இன்னும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் ஜோசியர் குருவையும் சனியையும் கட்டம் மாற்றி உட்கார வைத்துக் கொடுத்தார். கல்யாணம் மட்டும் எந்தக் கட்டத்திலும் வந்து உட்காரவில்லை.

மாதுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் பின்பக்கத்து அறையில் குடியிருந்தேன். பலார்டு பியர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட் வேலை. ஆபீஸில் என் வேகத்தைக் கேட்டார்களே தவிர வயதைக் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பெரிய பட்டணத்தில் என் உண்மையான வயது தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அண்ணா திருச்சியில் இருந்தார். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள்.

வீட்டுக்கார மாமிக்கு நான் முப்பத்துநாலு வயதுப் பெண். மாமிக்கு அப்போது முப்பத்தொன்பது. உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனால் கல்யாணமாகாதவள் எந்த வயதிலும் சின்னவள்தானே. என்னைப் 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து விடுவாள். அங்கங்கே தெரிந்த வெள்ளை முடியைப் பார்த்து, "இது பித்த நரைடி. காபியைக் கொறைச்சுக்கோ" என்பாள். நானும் ஆமாம் மாமி என்பேன். வாரத்தில் என்னைத் தொட்டுப் பேசும் ஒரே மனிதக் கை அதுதான்.

அந்த வருட ஆரம்பத்திலிருந்தே கிட்டத்தில் எழுத்து கலங்க ஆரம்பித்திருந்தது. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தால் தெரியும். மடியில் வைத்தால் தெரியாது. வெள்ளெழுத்து என்று எனக்கே தெரிந்தது. ஒரு கண்ணாடி வாங்கினால் போதும். ஆனால் நாற்பதில் வெள்ளெழுத்து என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பத்துநாலு வயதுக்காரி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எப்படி நடமாடுவாள்?

ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது மாமி பார்த்துவிட்டாள்.

"என்னடி பொண்ணே, புஸ்தகத்தை அவ்ளோ தூரத்துல பிடிச்சுண்டிருக்கே? கடிச்சுடுமா என்ன?"

நான் சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் கிட்டே கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு மாமி இருக்கும்போதெல்லாம் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் படிக்க எனக்கு எத்தனை நேரம் ஆகும் என்பது தெரியும். அந்த நேரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டுவேன். ஒரு எழுத்தும் தெரியாது. ஆபீஸில் இது பலிக்கவில்லை. சரக்குப் பட்டியலில் 3 வர வேண்டிய இடத்தில் 8 அடித்தேன். ஒரு மாதத்தில் இரண்டு தடவை. மானேஜர் இரண்டாம் தடவை காகிதத்தை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எனக்கு இருந்தது இந்த வேலையும், புத்தகங்களும்தான். இரண்டும் கண்ணை நம்பியிருந்தன.

அந்தப் புரட்டாசியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை வைத்தார்கள். நாற்பது வயது முடிந்தவர்கள் எல்லோரும், கண்ணில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், வந்து காட்ட வேண்டும் என்று தமிழில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற ஒரு வியாதி உண்டு, அது வலிக்காமல் பார்வையைத் தின்னும், நாற்பதுக்கு மேல் அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுதான் படித்தேன்.

எனக்கு அழைப்பு அனுப்பியதுபோல இருந்தது. போகத்தான் போனேன். வாசலில் மேஜை போட்டு, மாதர் சங்கத்தின் சார்பில் பெயரும் வயதும் எழுதிக்கொண்டிருந்தது எங்கள் மாமி.

"நாப்பது முடிஞ்சவா எல்லாம் அந்த ரூமுக்குப் போங்கோ. பாக்கிப் பேர் இங்கேயே போர்டைப் படிச்சாப் போறும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "நாப்பதுன்னு எழுதாதேடிம்மா. முப்பத்தொம்பதரைன்னு போடு" என்றாள்.

"அரைக்கெல்லாம் இந்த ரிஜிஸ்டர்ல எடமில்லே. நீங்க போன மாசம் பேரன் எடுத்தாச்சு. நேரா அந்த ரூமுக்கு நடங்கோ."

வரிசையே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே போனாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வயதை இப்படிப் பத்துப் பேர் நடுவில் வைத்துச் சிரிக்க முடிகிறதே என்று.

என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி எழுதிவிட்டாள். "நோக்கென்ன, முப்பத்துநாலு. நேக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு. அங்க போய்க் கண்ணுல சொட்டு விட்டுண்டு நாள் பூரா மங்கலா அலையணுமா? இப்படி நில்லுடி பொண்ணே."

மாமிக்குப் பக்கத்தில் அவளுடைய சங்கத்துச் சிநேகிதிகள் மூன்று பேர். அவர்களில் ஒருத்திக்குச் செம்பூரில் ஒரு தம்பி. மனைவியை இழந்தவர், நாற்பத்துநாலு வயது, இரண்டு குழந்தைகள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் தேவலை என்று சொல்லியிருந்தார்கள். தீபாவளி கழித்துப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. என்ன சொல்லியிருப்பேன்? நின்றேன். தூரத்தில் மாட்டியிருந்த அட்டையில், இரண்டு கண்ணையும் திறந்தபடியே, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். தூரப் பார்வை எனக்கு நன்றாகவே இருந்தது. கண்ணில் குறையில்லை என்று அங்கிருந்த டாக்டர் ஒரு சீட்டுக் கொடுத்தார். வயது 34. மாமியின் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சீட்டைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. பொய் சொன்ன வயதுக்குக் கிடைத்த சீட்டு என்று தெரிந்தும், டாக்டரே சொல்லிவிட்டாரே என்று ஒரு நிம்மதி. இவ்வளவு படித்தவளுக்கு இந்தப் புத்தி எங்கே போனது என்று இன்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, மாதுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். வலது கண்ணில் தூசி விழுந்தது. அதை மூடிக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் மட்டும் எதிரே பார்த்தேன். ஊர்ப் பெயர்ப் பலகையில் வலப்பக்கத்து எழுத்துகள் இல்லை. புகை மூடியதுபோல் இருந்தது. வலது கண்ணைத் திறந்தேன், முழுப் பெயரும் இருந்தது. மூடினேன், பாதிதான் இருந்தது. நாலைந்து தடவை திறந்து மூடினேன். நான் ஏற வேண்டிய ரயில் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருந்தவளிடம் இதற்குத் தேதி இல்லை.

மாதுங்காவில் எந்த டாக்டரிடம் போனாலும் மாமிக்குத் தெரிந்துவிடும். ஆகவே தாராவிக்குப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நடந்தால் இருபது நிமிடம். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. அங்கே ஒரு தர்ம வைத்தியசாலையில் சனிக்கிழமை மத்தியானம் கண் டாக்டர் வருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் ஆபீஸ். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

தோல் பதனிடும் இடங்களின் வாடை தெருமுனையிலேயே வந்தது. வைத்தியசாலை என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை. நீள பெஞ்சில் இடம் கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் தோல் பட்டறையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்.

"வயசு எவ்வளவுய்யா?"

"அம்பதும் இருக்கும், அறுவதும் இருக்கும். ஒனக்கு எது தோதோ அதப் போட்டுக்க தாயி."

"என் தோதுக்கு மருந்து குடுக்க முடியாதுய்யா. பெரிய காய்ச்சல் வந்து ஊரையே வாரிட்டுப் போச்சுன்னு சொல்லுவாவல்லா, அப்ப நீரு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீரு?"

"ஆட்டுக்குட்டி பத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அண்ணங்கூடயா, ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

"அப்ப எட்டு வயசு வச்சுக்கிடுதேன்."

முதல் யுத்தம் முடிகிற சமயத்தில் வந்த விஷக் காய்ச்சலைத்தான் சொல்கிறாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஐம்பத்துநாலு. அவளும் அதையே எழுதினாள். பிறந்த தேதி தெரியாத மனிதர்களின் வயதை அவர்கள் வாழ்ந்த சம்பவங்களிலிருந்து இப்படி இழுத்து எடுக்கிறாளே என்று வியந்துபோய், என் பயத்தையும் மறந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ஒங்களுக்கு?"

"முப்பத்துநாலு."

அவள் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "சப்பான்காரன் தோத்துச் சண்ட முடிஞ்சுதுல்லா, அப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்திய?"

"திருச்சி ரேஷன் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன்."

நாற்பத்தைந்து ஆகஸ்ட். யாராவது ஒரு வருடத்தைச் சொன்னால் அந்த வருடத்தில் நடந்ததைச் சரியாகச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அந்தச் செய்தி வந்த அன்று ஆபீஸில் எந்தப் படிவம் அடித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

"பதினஞ்சு வயசுலயா?" என்றாள் நர்ஸ்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "வெள்ளக்காரன் பச்சப்புள்ளைக்கெல்லாம் வேல குடுத்திருக்கான் போல. நமக்குத்தான் ஆட்டுக்குட்டி" என்றார்.

பெஞ்சில் சிரிப்பு. நர்ஸ் சிரிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "சும்மா சொல்லுங்கக்கா. நான் மாப்பிள்ள வீட்டுக்காரி இல்ல. நாப்பதுக்கு மேலன்னா உள்ள கூட்டிட்டுப் போயி கண்ணுல அழுத்தம் பாப்பாவ. முப்பதுன்னு போட்டா பாக்க மாட்டாவ. அதுக்குத்தான் கேக்கேன்."

"1923 ஆவணி" என்றேன். "நாற்பத்தொன்று முடிந்துவிட்டது."

பம்பாய்க்கு வந்து ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டது. அவள் வருடம், மாதம் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள்.

மரப் பெஞ்சில் படுக்க வைத்துக் கண் மரத்துப் போக மருந்து விட்டார்கள். டாக்டர் ஒரு சின்னக் கருவியைக் கண்மேல் நிறுத்தி அளவு பார்த்தார். இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், அது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். வலது கண் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. கிட்டத்து எழுத்துக் கலங்குவது நாற்பதில் எல்லோருக்கும் வருவது, அதற்குக் கண்ணாடி போதும், இது வேறு என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இதற்கு முன் எங்கும் காட்டவில்லையா என்று கேட்டார். கைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் வயது 34, குறையில்லை. அவர் கையிலிருந்த தாளில் வயது 41. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

தினம் மூன்று வேளை சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க. நர்ஸ் சீசாவைக் கொடுத்தபோது, "வீட்டுல சொட்டு விட யாரு இருக்காவ?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை."

அவள் அதற்கு ஐயோ என்று சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி. மறுபடி படுக்கச் சொன்னாள். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துக்கொண்டு, சீசாவைப் புருவத்தில் அணைத்துப் பிடித்து, கூரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் சொட்டு காதுக்குள் போனது. "காது நல்லா தெரியும் இனிமே" என்றாள். நாலாவது சொட்டு கண்ணில் விழுந்தது.

அன்று சாயங்காலமே மாமியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாமி செம்பூருக்குக் கொடுக்க என் ஜாதகத்தை நகல் எடுக்க உட்கார்ந்திருந்தாள். அந்தக் குண்டு எழுத்தில் பிரமோதூத வருடம் என்று இன்னொரு தடவை எழுதுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில் கண்ணைப் பற்றித்தான் பதறினாள். "என்னடி ஆச்சு கண்ணுக்கு? டாக்டர் வேறென்ன சொன்னார்?" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் வயது விஷயம் அவளுக்கு எட்டியது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"என் கையால எழுதினேனே. ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அந்த ரூமுக்கு அனுப்பியிருப்பேனே" என்றாள். பிறகு, தனக்குத்தானே கணக்குப் போட்டதுபோல், "அப்போ நேக்கு மூத்தவா நீங்க" என்றாள். தான் உட்கார்ந்திருந்த பலகையை என் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்கோ."

மாமி என்மேல் கோபப்படவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. செம்பூர் பேச்சைத் தானே நாசூக்காக முடித்து வைத்தாள். சிநேகிதிகளிடம் என்னைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆனால் மறுநாள் காலை, "காபி ஆறிப் போறது, வாங்கோ" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மூத்தவளை எப்படி உட்கார வைத்துத் தலையில் தட்டுவாள்? அவள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். எனக்குத்தான் அந்த 'ங்கோ' ஒவ்வொரு தடவையும் கதவை மெல்லச் சாத்துவதுபோல் இருந்தது. அண்ணாவுக்கும் எழுதினேன். 'இப்போது போய் அதை எதற்குச் சொன்னாய்?' என்று ஒரு கார்டு வந்தது.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. போன ஆவணியோடு எனக்கு நாற்பத்தாறு முடிந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே ஆபீஸில் டைப் அடிக்கிறேன். 3-உம் 8-உம் இப்போது அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தாராவிக்குப் போய் அழுத்தம் அளந்துகொண்டு வருகிறேன். கண் அப்படியே நிற்கிறது, மேற்கொண்டு குறையவில்லை. அந்த நர்ஸ் காட்கோபர் பக்கம் வேறு வைத்தியசாலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பொய் வயதில் எனக்குக் கிடைத்த அன்பில் பொய் கிடையாது என்பதும், மெய் வயதைச் சொன்னதால்தான் மிச்சக் கண் எனக்கு மிஞ்சியது என்பதும் தெரிகிறது. ஆனால் அந்த ஒன்றைக் கொடுத்துத்தான் இந்த ஒன்றை வாங்க வேண்டியிருந்தது ஏன் என்பது மட்டும், இத்தனை படித்தும், எனக்கு இன்னும் பிடிபடவில்லை.